உரிமத்தில் எழுதியிருக்கும் பெயர்

அன்புள்ள கயல்,

திங்கட்கிழமை நீ தொலைபேசியில் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "அப்பா, மாமாவோட நாரணாபுரம் குடோனை நான் எடுத்துக்கலாமா?" எழுதி அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். சென்னையில் அலுவலகத்தின் மாடிப்படியில் நின்றுகொண்டு, வேலையை விடும் மாதத்தின் கடைசி வாரங்களை எண்ணிக்கொண்டிருக்கும் உனக்கு, அந்தப் பதில் விசித்திரமாகப் பட்டிருக்கும். என் குரல் தாழ்ந்துபோயிருந்ததை நீ கவனித்திருப்பாய். நான் கத்தினால் நீயும் அம்மாவும் சிரிப்பீர்கள். குரல் தாழ்ந்தால் இரண்டு பேரும் அறையை விட்டுப் போய்விடுவீர்கள். எதிரே நீ இல்லாததால், போவதற்கு அறையும் இல்லாததால், காகிதத்தில் பேசுவதே நல்லது என்று முடிவு செய்தேன். இதை ஊரார் படிக்கும்படி வெளியிடவும் போகிறேன். உன் மாமாவும் படிப்பார். படிக்கட்டும்.

கோபத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் என் மகிழ்ச்சியைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதுதான் பெரியது. அடுத்த மாதம் நீ சிவகாசியில் திறக்கப்போகும் சொத்துப் பராமரிப்பு அலுவலகத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் நம் அச்சகத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேற்று ஒரு டைரி ஆர்டருக்கு விலை கேட்க வந்தவரிடம், "உங்களுக்குப் பூட்டிக் கிடக்கும் வீடு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நம் தெருவிலேயே எண்ணிப் பார். பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்க, மின்சார மீட்டர் பெட்டிக்குள் குருவி கூடு கட்டிய வீடுகள் எத்தனை! தண்ணீர்த் தொட்டி வெடித்தது தெரியாமல் மாதக்கணக்கில் சுவர் ஊறிப்போன வீடு, வாடகைக்கு இருந்தவர் சொல்லாமல் போனது தெரியாத உரிமையாளர், உரிமையாளர் யாரென்றே தெரியாமல் தரகரிடம் வாடகை கொடுக்கும் குடித்தனக்காரர். இத்தனை பேருக்கும் நடுவே பொறுப்பாக நிற்க ஓர் ஆள் வேண்டும் என்று இந்த ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. உனக்குத் தோன்றியிருக்கிறது. உன் சித்தப்பா மட்டும், "சென்னைக்குப் போயி அம்புட்டுப் படிச்சிட்டு, ஊருக்கு வந்து வாட்ச்மேன் வேலை பாக்கப் போறாளாக்கும்?" என்று கேட்டார். "ஆமாம், உன் வீட்டைத்தான் முதலில் பார்க்கப் போகிறாள், மொட்டை மாடியில் அனுமதியில்லாமல் போட்ட தகரக் கொட்டகையிலிருந்து ஆரம்பிப்பாள்" என்றேன். அதற்குப் பிறகு அவர் உன் தொழிலைப் பற்றிப் பேசவில்லை.

இந்தத் தொழிலுக்கு என்னென்ன உரிமங்கள் வேண்டும் என்று நீ விளக்கிய அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கமாட்டேன். 'சொத்துப் பராமரிப்பாளர்' என்று தனியாக ஓர் உரிமம் நம் மாநிலத்தில் இல்லை என்று நீ சொன்னதும், அப்படியானால் நாளைக்கே திறந்துவிடலாமே என்றேன். நீ சிரித்தாய். தனி உரிமம் இல்லாத தொழிலில்தான் பல இடங்களிலிருந்து பல தாள்களைச் சேர்க்க வேண்டும் என்றாய். மாநகராட்சியின் தொழில் உரிமம், நிறுவனப் பதிவு, தொழில் வரி, நிறுவனத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, வரவு வரம்பைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு என்று விரல் விட்டு எண்ணினாய். மனையும் வீடும் விற்றுக் கொடுப்பதானால் மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தில் முகவராகப் பதிய வேண்டியிருக்கும். அதனால் விற்பனைப் பக்கமே போகப்போவதில்லை என்றாய். காவலாளிகளை நீயே அமர்த்தி அனுப்பினால் அதற்கு வேறோர் உரிமம். ஆகவே உரிமம் உள்ள ஒரு நிறுவனத்திடமிருந்து ஆள் எடுத்துக்கொள்வேன் என்றாய். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் தரும் அதிகாரப் பத்திரம் அங்கே தூதரகத்தில் சான்று பெற்று, இங்கே வந்து முத்திரைத்தீர்வை கட்டிய பிறகுதான் உயிர் பெறும் என்றாய். நான் முதுகலைப் பொருளாதாரம் படித்தவன். முப்பது ஆண்டுகளாகத் தொழில் நடத்துகிறவன். இத்தனையும் சேர்ந்து ஒரு தொழிலின் எலும்புக்கூடாகக் கண்முன்னே எழுந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். அந்த உற்சாகத்தில், நம் மாடி வீட்டையும் உன் பொறுப்பில் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். "ஒப்பந்தத்தைக் காட்டுங்க" என்றாய். பதினோரு மாதத்துக்கு எழுதிய முத்திரைத்தாளை எடுத்துக் காட்டினேன். பதிவு செய்வதைத் தவிர்க்கப் பதினோரு மாதம் என்று எழுதுவது ஊர் வழக்கம். என் அப்பாவும் அப்படித்தான் எழுதினார். "இப்ப எல்லா வாடகை ஒப்பந்தமும் வாடகை அதிகார அமைப்புல பதியணும்ப்பா. இதைப் பதிஞ்சிட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்று தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தாய். நீ வேண்டாம் என்று சொன்ன முதல் வாடிக்கையாளர் நான். அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லி அம்மாவைச் சலிப்படைய வைத்தேன்.

அந்த வாடகைச் சட்டத்தில் நீ காட்டிய இன்னொரு பகுதிதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். உரிமையாளர் ஒருவரைப் பராமரிப்பாளராக வைத்தால், அவருடைய பெயரும் விவரமும் ஒப்பந்தத்தோடு சேர்ந்து பதிவாகும் என்றாய். அதைச் சொல்லும்போது உன் முகத்தில் இருந்த பெருமையைக் கண்டேன். தாளில் உன் பெயர் இருக்கும். கேட்கிறவர்களுக்கு நீ பதில் சொல்வாய். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் இந்த ஊரில் உரிமத் தாளில் இருக்கும் பெயருக்கு வேறொரு வரலாறும் உண்டு. உனக்கு அதில் ஒரு பங்கு இருக்கிறது. நீ மறந்திருக்கலாம்.

உனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். ஆயுத பூசைக்கு மாமாவின் பட்டாசு கம்பெனி அலுவலகத்துக்கு உன்னைக் கூட்டிப்போயிருந்தோம். எல்லாக் கம்பெனிகளையும் போல அங்கேயும் சாமி படங்களின் வரிசையில் வெடிபொருள் உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கண்ணாடியின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டுவார்கள். பழைய பொட்டைத் துடைக்கும் வழக்கம் கிடையாது. அதன் மேலேயே புதியதை வைப்பார்கள். இப்படி வைத்து வைத்து, அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதையே யாரும் படிக்க முடியாதபடி ஆகியிருந்தது. பள்ளியில் அப்போதுதான் ஆங்கிலம் சரளமாக வாசிக்க ஆரம்பித்திருந்த நீ நாற்காலியில் ஏறி, உன் பாவாடை நுனியால் கண்ணாடியைத் துடைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தாய். பிறகு திரும்பி, "மாமா, இதுல உங்க பேரே இல்லியே. வேற யாரோ தாத்தா பேரு இருக்கு" என்றாய். பொரி கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். மாமாதான் முதலில் சிரித்தார். "ஏலே, இவளை வக்கீலுக்குப் படிக்க வைங்கலே. முதல் கேஸே மாமன் மேல போட்டுருவா போலுக்கு!" எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மா உன்னை இறக்கிவிட்டு, பாவாடையில் பட்ட குங்குமத்தைத் தட்டிவிட்டாள். மாமா மறுபடியும் சந்தனத்தை எடுத்து, நீ துடைத்த இடத்திலேயே வைத்தார்.

அந்தப் பெயர் மல்லாங்கிணற்றுப் பெரியவர் ஒருவருடையது. மானாவாரியில் பருத்தியும் சோளமும் போடுகிறவர். ஒரு காலத்தில் தன் நிலத்தில், தன் பெயரில் உரிமம் வாங்கிக் கம்பெனி வைத்தார். நடத்த முடியாமல் அப்படியே உன் மாமாவுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார். வெடிபொருள் உரிமம் ஓர் ஆளுக்கும் ஓர் இடத்துக்கும் தரப்படுவது. வாய்ப்பேச்சில் இன்னொருவருக்குக் கைமாறாது. ஆனால் அன்று உள்குத்தகை என்பது இங்கே ஒரு தொழில்முறையாகவே இருந்தது. தாளில் ஒருவர், களத்தில் ஒருவர். நீ அந்தப் பெயரைப் படித்துச் சொன்னதற்கு இரண்டாம் ஆண்டு, கோடையில், வெடிமருந்துக் கலவை அறை வெடித்தது. காலையில் கம்பெனி வேனில் வந்து இறங்கிய பெண்களில் மாரியம்மாள் என்பவரை எனக்குத் தெரியும். பிள்ளைகளின் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட நம் அச்சகத்தில் பழைய காலண்டர் தாள் கேட்டு வாங்கிப்போவார். அன்று மாலை அவர் திரும்பவில்லை. காவலர்கள் மல்லாங்கிணற்றுக்குப் போய், களை எடுத்துக்கொண்டிருந்த பெரியவரை வேட்டியை மடித்துக் கட்டிய கோலத்திலேயே அழைத்து வந்தார்கள். "வெடிச்சிருச்சா? எங்கன?" என்றுதான் அவர் முதலில் கேட்டாராம். அந்த இடத்தைப் பார்த்தே பல ஆண்டுகள் ஆகியிருந்தன. வழக்கு முடியும் முன்பே அவர் இறந்துபோனார். உன் மாமாவின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. சில மாதங்கள் ஊரில் இல்லாமல் இருந்தார். பிறகு வந்து குடோன்கள் கட்டி வாடகைக்கு விட ஆரம்பித்தார். நாரணாபுரம் குடோன் அவற்றில் ஒன்று.

இப்போது சென்ற வாரத்துக்கு வருகிறேன். பட்டாசுப் பெட்டி லேபிளுக்கு ஆர்டர் கொடுக்க ஒருவர் அச்சகத்துக்கு வந்தார். நன்றாக உடுத்தியிருந்தார், சிரித்த முகம். "அண்ணாச்சி, வெறும் படமும் கலரும் போதும். கம்பெனி பேரு, லைசென்ஸ் நம்பர் ஒண்ணும் போட வேண்டாம்" என்றார்.

"பேரு இல்லாத வெடியை யாருய்யா வாங்குவா?"

"வாங்குதவன் வெடியைத்தான் பாக்கான், பேரையா பாக்கான்?"

"சரி, அடிச்சா எங்கன இறக்கணும்?"

"தெரியாத மாதிரி கேக்கீகளே அண்ணாச்சி! நாரணாபுரத்துல உங்க மச்சான் குடோன்லதான். நாங்கதான வாடகைக்கு எடுக்கோம். இனிமே உங்க மக பொறுப்புல வருதாம்லா? நம்ம குடும்பத்துக்குள்ளயே முடிஞ்சிருச்சு."

ஆர்டரை வாங்கவில்லை. பெயரும் எண்ணும் இல்லாத லேபிளை நான் அடிப்பதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உறவு என்று நம்பி வந்திருக்கிறார். அவர் போனதும் ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டு நேராக உன் மாமா வீட்டுக்குப் போனேன்.

"வாங்க மாப்ள, வாங்க. ஏ, யாரு உள்ள? மாப்ளைக்கு ஒரு கலரு கொண்டாங்க" என்றார் மாமா. அவருடைய உபசாரத்தில் என்றைக்கும் குறை இருந்ததில்லை.

"கலர் வேண்டாம் மச்சான். கயல்கிட்ட குடுக்கப்போற குடோன்ல என்ன சரக்கு வரப்போகுது?"

"காலண்டர் அட்டை, பேப்பரு. எல்லாம் உங்க தொழில் சாமான்தான்."

"அப்புறம்?"

"சீசனுக்கு ரெண்டு லோடு வரும், போகும். அதைப் போயி ஒரு பேச்சா கேட்டுக்கிட்டு…"

"அந்த ரெண்டு லோடு வைக்க அந்த இடத்துக்கு லைசென்ஸ் இருக்கா?"

"ஊருல எம்புட்டு வீட்டுக்குள்ள சரக்கு கெடக்கு! அம்புட்டுக்கும் லைசென்ஸா வச்சிருக்காக? படிச்சவுக எல்லாத்துக்கும் பயப்படுதீக மாப்ள."

"பயமில்லைன்னா உங்க பேர்லயே வாடகைக்கு விடுங்க. என் பொண்ணு எதுக்கு?"

அவர் என்னைக் கள்ளமில்லாமல் பார்த்துச் சிரித்தார். "என் பேருதான் ஏற்கெனவே ஒருக்கா அடிபட்டுப் போச்சுல்லா. பிள்ளை பேரு புதுசு, சுத்தமா இருக்கு. யாரும் ஒரு மாதிரியாப் பாக்க மாட்டாக. நானும் மத்தவுக குடுக்கதுக்கு ரெண்டு மடங்கு குடுக்கேன். முதல் போணி தாய்மாமன்கிட்ட இருந்து வந்தா நல்லதுதான?"

கலர் சோடா வந்தது. வேண்டாம் என்று சொன்ன அந்தக் கலரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன், ஏனென்றால் என் கைகளுக்கு அப்போது பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று தேவைப்பட்டது. பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு, வருகிறேன் என்று எழுந்து வந்தேன். அவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

கயல், உன் மாமாவுக்கு உன் மேல் பிரியம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உனக்குக் காது குத்தியபோது அவர் மடியில்தான் உட்கார்ந்திருந்தாய். நீ அழுதபோது அவரும் அழுதார். அதனால்தான் என் கோபம் ஆறவில்லை. பிரியத்தோடு ஒருவர் உன் பெயரை எடுத்து, சந்தனப் பொட்டைப் போல ஒரு கண்ணாடியின் மேல் வைத்து, அடியில் இருப்பதை மறைத்துக்கொள்ளப் பார்க்கிறார். நாளைக்கு அங்கே ஒரு தீப்பொறி விழுந்தால், தாளைப் புரட்டுகிற அதிகாரி முதலில் வாசிப்பது உன் பெயரைத்தான். "வெடிச்சிருச்சா? எங்கன?" என்று நீ கேட்கும் நிலை வரக்கூடாது. நீ சேர்த்துக்கொண்டிருக்கும் தாள்கள் உன்னைத் தொழில் செய்ய அனுமதிக்கின்றன. ஒரு கூரைக்குக் கீழே நடப்பது இன்னது என்று உனக்குத் தெரிந்தால் மட்டும்தான் அவற்றில் உன் பெயருக்கு அர்த்தம் உண்டு. பூட்டைத் திறந்து உள்ளே போய்ப் பார்க்க முடியாத எந்தக் கட்டடத்தையும் எடுக்காதே. வாடகைதாரர் வைக்கப்போகும் சரக்கு இன்னது என்று எழுதி வாங்காமல் எந்தக் குடோனையும் எடுக்காதே. உறவுக்காரரின் கட்டடம் என்றால்

இந்த வரியை முடிக்கும் முன் உன் அம்மா தொலைபேசியைக் கொண்டுவந்து என் தாளின் மேலேயே வைத்தாள். "இந்தாங்க, உங்க மக. நாலு நாளா எழுதினது போதும், பேசுங்க." நீ சொன்னதை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் என்னுடைய எல்லாப் பக்கங்களையும்விட அது சுருக்கமாக இருந்தது.

"அப்பா, அந்தக் குடோனை நான் எடுக்கமாட்டேன். யாரு வாடகைக்கு வர்றாங்க, என்ன சரக்கு, அதுக்கு லைசென்ஸ் காப்பி, தீயணைப்புத் துறைச் சான்று, எல்லாம் அனுப்புங்கன்னு மாமாகிட்ட உங்களுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியே கேட்டுட்டேன். 'அனுப்புதேன் தாயி'ன்னாரு. அன்னையிலருந்து போனை எடுக்கல."

"அப்புறம் எதுக்கும்மா எங்கிட்ட கேட்ட?"

"உங்ககிட்ட சட்டமாப்பா கேட்டேன்? நான் மாட்டேன்னா அந்த வீட்டோட போக்குவரத்து நின்னுரும். அம்மா தாங்குவாங்களான்னு கேக்க வந்தேன். நீங்கதான் எழுதி அனுப்புறேன்னு வச்சுட்டீங்க."

 அம்மா என் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கினாள். அவள் சொன்னதை நீ கேட்டாய். இதைப் படிக்கிற மற்றவர்களும் கேட்கட்டும். "இந்தா பாரு புள்ள, எங்க அண்ணன் வந்தா என்னைக்கும் போல இலை போட்டுச் சோறு போடுவேன். ஓம் பேரைக் கொண்டுபோயி அங்கன போட விடமாட்டேன். அது வேற, இது வேற. திறப்புக்கு வெளக்கு அவுக வாங்கித் தரேன்னாக. வேண்டாம்னு சொல்லிட்டேன். நானே வாங்கிட்டேன். சாப்பிட்டியா நீ?"

ஆகவே இந்தக் கடிதத்துக்கு இனி அவசியமில்லை. இருந்தாலும் கிழிக்கவில்லை. உன் மாமாவுக்கு உன் பெயர் கிடைக்காவிட்டால் இன்னொரு புதிய பெயரைத் தேடுவார். படித்து முடித்த ஒரு மருமகன், வேலை தேடும் ஒரு பக்கத்து வீட்டுப் பையன். அந்தப் பெற்றோர் யாராவது இதைப் படிக்க வேண்டும். அந்தக் குடோனைப் பற்றித் தெரிவிக்க வேண்டிய அலுவலகத்துக்கும் எழுதிவிட்டேன். மொட்டைக் கடிதமாக எழுதவில்லை. என் பெயரும் முகவரியும் கையெழுத்தும் அதில் இருக்கின்றன. அனுப்பும் முன் உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.  அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தானே ஒருமுறை படித்தாள். "ரெண்டாவது வரியில ஒரு எழுத்து விட்டுப்போச்சு. திருத்தி அனுப்புங்க" என்றாள். திருத்தி அனுப்பினேன்.

இனி நம் வேலையைப் பார்ப்போம். இந்த உறைக்குள் உன் அலுவலக லெட்டர்ஹெட்டின் புரூஃப் இருக்கிறது. உரிம எண் வராமல் அடிக்கக்கூடாது என்று நீ கட்டளையிட்டதால் இத்தனை நாள் காத்திருந்தேன். வியாழக்கிழமை மாநகராட்சித் தொழில் உரிமம் வந்துவிட்டது, அன்று மதியமே எழுத்துக் கோத்துவிட்டோம். ஃபோர்மேன் இனிப்பு வாங்கி வந்து மெஷினுக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார், நானும் தடுக்கவில்லை. 'வீடு, கடை, குடோன் பராமரிப்பு' என்ற வரியில் குடோன் என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று அவர் கேட்டார். இருக்கட்டும் என்றேன். இந்த ஊரில் காகிதமும் அட்டையும் மட்டும் இருக்கும் குடோன்களும் உண்டு. அவற்றின் உரிமையாளர்கள் உன்னைத் தேடி வருவார்கள். நம் மாடி வீட்டு ஒப்பந்தத்தையும் பதிந்துவிட்டேன்; நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். இப்போதாவது ஏற்றுக்கொள்வாயா என்று பார்த்துச் சொல்.

கைபேசியில் நிறம் சரியாகத் தெரியாது, தாளிலேயே பார். உரிம எண்ணை ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப் பார். உன் பெயரை இரண்டு முறை படி. எல்லாம் சரியாக இருந்தால் கீழே வலது மூலையில் கையெழுத்துப் போட்டு, மறுநாளே பஸ் பார்சலில் அனுப்பிவிடு. நம் அச்சகத்தின் முறை உனக்குத் தெரியும்: உரியவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு தாளும் ஓடாது. மெஷினைக் கழுவி, மையூற்றி, தாள் ஏற்றி வைத்திருக்கிறோம்.

உன் அப்பா